கண்டவர் நுங்கம்பாக்கம், விண்டவர் அடையாறு

ஸ்வீடனில் இட்டர்பி என்று ஒரு சிற்றூர். ஒரு பழைய சுரங்கம், அதைச் சுற்றிச் சில வீடுகள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என்று நான்கு தனிமங்கள் தனிம வரிசை அட்டவணையில் பட்டா போட்டு உட்கார்ந்திருக்கின்றன. பெர்க்லிக்கு ஒன்று, டார்ம்ஷ்டாட்டுக்கு ஒன்று, டென்னஸிக்கு ஒன்று. சென்னைக்கு? ஐ.ஐ.டி. இருக்கிறது, தெருவுக்கு நாலு ஐ.ஐ.டி. கோச்சிங் சென்டர் இருக்கிறது. அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கிடையாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. 1951-ல் அடையாற்றில் வெளியான ஒரு தடித்த வேதியியல் புத்தகத்தில் 'அடையாறியம்' என்று ஒரு தனிமம் இருக்கிறது. எடை 2. ஹைட்ரஜனுக்குப் பக்கத்து வீடு. அதை யாரும் குடுவையில் பிடித்ததில்லை, இனி பிடிக்கப்போவதும் இல்லை. வயிற்றெரிச்சல் அதுவல்ல. அதற்கு எண்பது வருஷத்துக்கு முன்னால் நிஜமான ஒரு தனிமம் நம்மூர் உத்தியோகஸ்தர் ஒருவரின் கண்ணெதிரே வந்து நின்று, கவனிப்பார் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறது.

முதலில் அந்தப் பாவத்தைப் பார்த்துவிடலாம்.

மழை நாளில் பள்ளி விடுமுறைக்காகப் பிள்ளைகள் எந்த அலுவலகத்தைக் குலதெய்வமாக நினைத்துக் கும்பிடுகிறார்களோ, அந்த நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் வளாகத்தில்தான் மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1792-ல் எழுந்த அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண், உடம்பில் தமிழ் எழுத்துகளோடு இன்றும் அங்கே நிற்கிறது. 1861 முதல் அங்கே அரசாங்க வானியலாளராக இருந்தவர் நார்மன் போக்சன். லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நட்சத்திரம் இன்னொன்றைவிட ஒரு படி பிரகாசம் என்றால் 2.512 மடங்கு என்று உலகம் இன்றும் போடும் கணக்கு அவருடையது. ஆனால் லண்டன் பெரிய மனிதர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. மேலிடத்தோடு ஒத்துப்போகாத ஊழியரின் கோப்பு எந்தக் காலத்திலும் எந்த அலுவலகத்திலும் நகர்வதில்லை.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். நிழல் தக்காணத்தைக் குறுக்கே வெட்டி ஆந்திரக் கரை வழியாகக் கடலுக்குள் போகிறது. ஊரெல்லாம் தர்ப்பை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்க, உலகத்து வானியலாளர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். பிரான்சிலிருந்து வந்த ழான்சன் குண்டூரில் கூடாரம் அடித்தார். போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் தனிக் குழுவோடு வனபர்த்திக்குப் போனார். ஆச்சாரியார் அதற்கு முந்தைய வருஷம்தான் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்திருந்தார். கிரகணத்தன்று ஸ்நானம் பண்ண வேண்டிய வம்சத்தில் பிறந்தவர் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்பதை மயிலாப்பூர் எப்படி எடுத்துக்கொண்டதோ தெரியவில்லை.

சூரியன் மறைந்த அந்தச் சில நிமிஷங்களில் விளிம்பில் எழும்பிய தழலின் ஒளியை நிறமாலைமானி வழியாகப் பிரித்தால் பளிச்சென்று சில கோடுகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று மஞ்சள். மஞ்சள் கோடு என்றால் சோடியம் என்பது அந்நாளைய பாலபாடம். எல்.ஈ.டி. வருவதற்கு முன் நம் தெருவிளக்குகளில் எரிந்த அதே மஞ்சள். பார்த்தவர்கள் சோடியம் என்று எழுதிக்கொண்டு மூட்டை கட்டினார்கள். போக்சன் மட்டும், அந்தக் கோடு சோடியத்தின் இடத்தில் சரியாக உட்காரவில்லை என்று குறித்தார். குறித்து, அறிக்கை எழுதினார். அறிக்கை மதராஸில் அச்சானது. அரசாங்க அறிக்கையாக அச்சாவதைவிட ஒரு கண்டுபிடிப்பை மறைத்து வைக்கப் பத்திரமான இடம் உண்டா?

அக்டோபரில் லண்டனில் நார்மன் லாக்யர் என்ற இன்னொரு நார்மன், கிரகணமே இல்லாமல், வீட்டிலிருந்தே அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார். சோடியம் இல்லை என்று சொன்னார், சூரியனின் கிரேக்கப் பெயரை வைத்து 'ஹீலியம்' என்றார். ழான்சனும் லாக்யரும் எழுதிய கடிதங்கள் பாரிஸ் அகாடமிக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. கிரகணம் இல்லாமலே சூரியத் தழலைப் பார்க்கும் வழியை இருவரும் தனித்தனியே கண்டதற்காக, இருவர் தலையும் பொறித்து பிரெஞ்சு அரசு பதக்கம் அடித்தது. ழான்சன் மஞ்சள் கோட்டைப் பற்றி விசேஷமாக ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், ஹீலியம் கண்டவர் என்று பாடப்புத்தகம் இன்றைக்கும் அவருக்கு மாலை போடுகிறது. போக்சன் நுங்கம்பாக்கம் திரும்பினார். 1891-ல் சாகும்வரை அதே வேலை. இடையில் தன் மகளை 150 ரூபாய் சம்பளத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். மகள் பெயர் ஐசிஸ். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீலியத்தின் கதை இப்படித் திக்கித் திணறிக்கொண்டிருக்க, 1869-ல் பீட்டர்ஸ்பர்கில் மெண்டலீவ் என்ற தாடிக்காரர் தனிமங்களைப் பந்தியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். எடைப்படி வரிசையாக உட்கார வை. குணம் திரும்பி வருகிற இடத்தில் அடுத்த வரிசை ஆரம்பி. அவ்வளவுதான் விதி. வராத உறவினருக்கும் இலை போட்டு வைத்ததுதான் அவருடைய துணிச்சல். அலுமினியத்துக்குக் கீழே ஓர் இலை, சிலிக்கனுக்குக் கீழே ஓர் இலை. வரப்போகிறவருக்கு 'ஏக' அலுமினியம், 'ஏக' சிலிக்கன் என்று சமஸ்கிருதத்தில் பெயரும் வைத்தார்.

1875-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் காலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். பொருளைக் கண்ணால் பார்க்காத மெண்டலீவ், தப்பு, 5.9 இருக்க வேண்டும், திரும்ப அளந்து பாருங்கள் என்று எழுதினார். கடுப்போடு அளந்து பார்த்தார்கள். 5.9. சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு அதிகாரம் பண்ண மாட்டார்கள். பிறகு 1879-ல் ஸ்காண்டியம், 1886-ல் ஜெர்மானியம் என்று ஒவ்வொருவராக வந்து அவரவர் இலையில் உட்கார்ந்தார்கள்.

நாம் உருப்போட்ட தொகுதிகளின் குணமெல்லாம் இந்தப் பந்தியில்தான் வெளிப்பட்டது. இடது ஓரத்துக் கார உலோகங்களில் லித்தியத்தைத் தண்ணீரில் போட்டால் மெல்லப் பொரியும். சோடியம் உருண்டையாகி சீறிக்கொண்டு ஓடும். பொட்டாசியம் ஊதாச் சுவாலையோடு எரியும். சீசியம்வரை போனால் தொட்டி மிஞ்சாது. கீழே போகப் போக வெளிச்சுற்று எலக்ட்ரான் கருவைவிட்டுத் தள்ளி உட்கார்வதால், சாக்குக் கிடைத்தால் கழன்றுவிடும். வலப்பக்கத்து ஹாலஜன்களில் இதற்கு நேர்மாறு. அவை எலக்ட்ரானைப் பிடுங்குகிற கூட்டம். கருவுக்கு அருகிலிருந்து பிடுங்குகிற ஃபுளோரின்தான் பெரிய ரவுடி. கீழே அயோடின் வரும்போது வீரியம் தணிந்து, காயத்துக்குப் போடும் மருந்தாகிவிடுகிறது. மெண்டலீவுக்கு எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது 1897 சமாசாரம்.

தொகுதி என்றால் என்ன என்று பார்க்க தி.நகருக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். பாத்திரக் கடை, வெள்ளிக் கடை, நகைக் கடை மூன்றும் உஸ்மான் சாலை வட்டாரத்தில் தோளோடு தோள். அட்டவணையிலும் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் 11-ஆம் தொகுதியில் ஒன்றன் கீழ் ஒன்று. செம்புக் குடம் களிம்பேறும், புளி போட்டுத் தேய்க்கணும். வெள்ளிக் கொலுசு காற்றிலுள்ள கந்தகத்தில் கறுக்கும். பாட்டியின் தங்க வளையல் பேத்தி கல்யாணத்திலும் அப்படியே மின்னும். மூன்று கடைகளிலும் பேரம் பேசிக் களைத்த மாமி 11-ஆம் தொகுதியின் குணப்போக்கை முழுசாக அறிந்தவர். சேதாரம் எவ்வளவு என்பது மட்டும்தான் இதுவரை எந்த விதிக்கும் கட்டுப்படாத மர்மம்.

இனி ஆவிகள். 1870-களில் ஐரோப்பாவில் பெரிய மனிதர் வீடுகளில் எல்லாம் மேசை ஆடிக்கொண்டிருந்தது. இருட்டறையில் பத்துப் பேர் மேசைமேல் கைவைத்தால் செத்துப்போன பெரியப்பா வந்து தட்டுவார். மெண்டலீவுக்கு இது பிடிக்கவில்லை. 1875-ல் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். மேசையை யார் கை அழுத்துகிறது என்று காட்டிக்கொடுக்க அழுத்தமானி பொருத்திய மேசை ஒன்றையும் வடிவமைத்தார். ஆவியெல்லாம் மூடநம்பிக்கை என்று அடுத்த வருஷம் குழு தீர்ப்பெழுதியது.

லண்டனில் வில்லியம் க்ரூக்ஸ் எதிர்க்கட்சி. 1861-ல் பச்சைக் கோடு ஒன்றைப் பார்த்துத் தாலியத்தைக் கண்டுபிடித்தவர், முதல்தர வேதியியலாளர். அதே கையோடு, தன் ஆய்வில் உலாவிய 'கேட்டி கிங்' என்ற ஆவி நிஜம்தான் என்று சான்றிதழும் கொடுத்தவர். 1883-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். தனிமங்களை எட்டு வடிவத்தில் சுருண்டு இறங்கும் கம்பியில் கோத்து, தனக்கென்று ஓர் அட்டவணையும் வைத்திருந்தார்.

சபை அதற்கு முந்தைய டிசம்பரில்தான் பம்பாயிலிருந்து அடையாற்றுக்குக் குடிவந்திருந்தது. நிறுவனர் பிளாவட்ஸ்கி அம்மையார் மெண்டலீவைவிட மூன்று வயது மூத்த ரஷ்யர். அவர் எழுதிய பெரிய புத்தகத்தின் பெயர் 'ஐசிஸ் அன்வெயில்ட்'. ஆக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஐசிஸ் திரை விலக்கிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நுங்கம்பாக்கத்து ஐசிஸ் மாசச் சம்பளத்துக்கு நட்சத்திரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அடையாற்றில் அப்போது மகாத்மாக்களின் கடிதங்கள் தபால்தலை இல்லாமல் அலமாரியில் முளைத்துக்கொண்டிருந்தன. 1884-ல் அதை ஒரு பத்திரிகை அம்பலப்படுத்த, லண்டனிலிருந்து ஆள் வந்து விசாரித்து மோசடி என்று எழுதி வைத்தார். அது தனிக் கதை.

1895 மார்ச். லண்டனில் ராம்சே என்ற வேதியியலாளர் ஒரு யுரேனியக் கனிமத்தைக் காய்ச்சியபோது வந்த வாயுவில் மஞ்சள் கோடு தெரிந்தது. யாரிடம் காட்டி உறுதி செய்வது? க்ரூக்ஸிடம். க்ரூக்ஸ் பார்த்தார், ஹீலியம்தான் என்றார். மசூலிப்பட்டினத்தில் தெரிந்த கோட்டுக்கு 27 வருஷம் கழித்து பூமியில் ஆள் பிடிபட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்தான் ஆர்கான் வந்திருந்தது. பின்னாலேயே நியான், கிரிப்டான், செனான் என்று அழைப்பே இல்லாத ஒரு தொகுதி முழுக்க வந்து பந்தி வாசலில் நின்றது. இலை போடாத விருந்தாளிகளைக் கண்டு மெண்டலீவ் முகம் சுளித்தார். ஆர்கான் தனிமமே இல்லை, நைட்ரஜன்தான் மூன்று மூன்றாகச் சேர்ந்து வேஷம் போடுகிறது என்று சில காலம் மல்லுக்கட்டிப் பார்த்து, கடைசியில் ஓரத்தில் புதுசாக ஒரு வரிசை போட்டார். யாரோடும் சேராத, எதையும் கேட்காத மந்த வாயுக்களுக்கு அந்த ஓரமே சௌகரியமாகப் போய்விட்டது.

அதே 1895 ஆகஸ்டில், அதே லண்டனுக்கு அருகில், இருவர் உட்கார்ந்து ஹைட்ரஜன் அணுவை வெறும் கண்ணால் பார்த்தார்கள். மூடிய கண் என்று சொல்வதே பொருத்தம். ஒருவர் அன்னி பெசன்ட். பின்னாளில் ஹோம் ரூல் நடத்தி, 1917-ல் காங்கிரஸ் தலைவராகி, அடையாற்றில் ஒரு நகருக்கே பெயர் தந்தவர். லண்டனில் அறிவியல் படித்தவர். மற்றவர் சார்ல்ஸ் லெட்பீட்டர், சபைக்கு வந்த முன்னாள் பாதிரியார். ஞானதிருஷ்டியால் அணுவைப் பெரிதாக்கி உள்ளே எண்ணிப் பார்ப்பது அவர்கள் முறை. ஹைட்ரஜனுக்குள் 18 துகள் இருந்தன. அந்தத் துகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அணு'. மற்றத் தனிமங்களில் எத்தனை அணு என்று எண்ணி, 18-ஆல் வகுத்தால் எடை கிடைத்துவிடும். ஆக்சிஜனில் 290, வகுத்தால் 16.11. நைட்ரஜனில் 261, வகுத்தால் 14.5. அரை மதிப்பெண் கூடிவிட்டது, பரவாயில்லை.

கூடவே 54 அணு உள்ள ஒன்றும் தட்டுப்பட்டது. வகுத்தால் 3. புதுசாக வந்த ஹீலியமாக இருக்குமோ என்று நினைத்தார்கள். பிறகு நிஜ ஹீலியத்தைப் பார்த்தபோது 72 அணு, எடை சரியாக 4. அப்படியானால் 54 யார்? 'அக்கல்டம்' என்று பெயர் வைத்து ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் நடுவே உட்கார வைத்தார்கள்.

1907-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம் வேலை மறுபடி சூடுபிடித்தது. அதே வருஷம் பெசன்ட் சபைத் தலைவரானார். லெட்பீட்டர் உருவத்தைச் சொல்ல, பெசன்ட் உள்கட்டமைப்பைப் பிரிக்க, இலங்கையிலிருந்து கேம்பிரிட்ஜ் போய்ப் படித்த ஜினராஜதாசர் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டார். க்ரூக்ஸ் அரிய தனிமங்களைக் கொடுத்து உதவினார். தங்கத்தில் 3546 அணு எண்ணினார்கள். 18-ஆல் வகுத்தால் 197, புத்தகத்தில் உள்ளபடியே. பனகல் பார்க் தராசுகூட இவ்வளவு துல்லியம் காட்டாது. 1909-ல் லெட்பீட்டர் அடையாறு வந்ததும் இங்கேயும் தொடர்ந்தது. அந்த வருஷம்தான் அவர் மாலை நேரத்தில் அடையாற்றுக் கடற்கரையில் ஒரு சிறுவனைப் பார்த்து, இவனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தில் சுயநலமே இல்லை, உலக குரு இவன்தான் என்று முடிவு செய்தார். சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1929-ல் அவர் குருவும் வேண்டாம் சங்கமும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டு நடந்தார். தனிமங்களுக்கு அப்படி ராஜினாமா செய்யும் வசதி இருக்கவில்லை.

தொகுதிகளை உருவத்தை வைத்துப் பிரித்தார்கள். லித்தியம் கூர்முள், கார்பன் எண்முகி, இரும்பு கட்டைகள், நியான் நட்சத்திரம். கர்லாக்கட்டை உருவத்தில் ஒரு கூட்டம்: சோடியம், குளோரின், செம்பு, வெள்ளி, தங்கம். எலக்ட்ரானைக் கழற்றி எறியத் துடிக்கிற சோடியமும் அதைப் பிடுங்கத் துடிக்கிற குளோரினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் எந்த வேதியியல் வாத்தியாரும் மயங்கி விழுவார். இரண்டும் சேர்ந்தால் ரசத்துக்குப் போடும் உப்பு வருகிறதே, எதிரெதிராக இருப்பதால்தானே அந்தச் சம்பந்தம்? உருவம் பார்த்த கண் குணத்தைப் பார்க்கவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாததை இருப்பதாகச் சொன்னது அடையாறு மட்டுமில்லை. ஆவிகளை விரட்டிய அதே மெண்டலீவ், வயசான காலத்தில் ஹைட்ரஜனுக்கு முன்னால் இரண்டு தனிமங்களை நிறுத்தினார். ஒன்று, வெளியெங்கும் நிரம்பியதாக நம்பப்பட்ட ஈதர், இன்னொன்று, 'கொரோனியம்'. கொரோனியத்துக்கு ஆதாரம் 1869 கிரகணத்தில் தெரிந்த ஒரு பச்சைக் கோடு. மஞ்சள் கோட்டை நம்பி ஜெயித்தாயிற்று, பச்சைக் கோட்டை ஏன் விடுவது? எலக்ட்ரான்களைக் கொத்தாகப் பறிகொடுத்த இரும்புதான் அந்தப் பச்சை என்று தெரிய 1940 பக்கம் ஆயிற்று.

1913-ல் மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ்-கதிரை வைத்து பந்தியை ஒழுங்குபடுத்தினார். எடையெல்லாம் இரண்டாம்பட்சம், கருவில் எத்தனை நேர்மின்சுமை என்பதுதான் இலை நம்பர். ஹைட்ரஜன் 1, ஹீலியம் 2. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை என்று இலை கிடையாது. அக்கல்டம் அன்றோடு வீடிழந்தது. ஆனால் அடையாற்றில் யாரும் அதைக் காலி செய்யச் சொல்லவில்லை. லெட்பீட்டரின் கடைசி ஆண்டுகளில் 36 அணுவோடு இன்னொன்றும் தென்பட, கண்ட ஊரின் பெயரையே வைத்து அடையாறியம் ஆக்கினார்கள். பெசன்ட் 1933-ல் போனார், லெட்பீட்டர் 1934-ல். குறிப்புகளைத் திரட்டி ஜினராஜதாசர் 1951-ல் 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி' மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார்.

அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்புக்கு ஒரே ஒரு தடவை உண்மையான ஆய்வுக்கூடத்தில் நாற்காலி கிடைத்தது. மந்த வாயுக்கள் பலவற்றுக்கு 'மெட்டா' என்று ஓர் இரட்டைப் பிறவி இருப்பதாக இவர்கள் எழுதியிருந்தார்கள். மெட்டா நியானின் எடை 22.33. 1913-ல் கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் ஆஸ்டன், 20 எடை நியானோடு 22 எடையில் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பெயர் தேடி, இந்தப் புத்தகத்திலிருந்தே 'மெட்டா நியான்' என்று எடுத்து வைத்தார். ஐசோடோப் என்ற பெயர் வந்தபின் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். ஆர்கான், கிரிப்டான், செனான் எல்லாவற்றுக்கும் ஜோடி எழுதி வைத்தால் ஒன்றாவது பலிக்காதா? ஜோசியர்களுக்கு இது புதுசில்லை.

கொடுத்த நாற்காலியை இழுத்ததும் அதே ஆஸ்டன்தான். 1919-ல் அணுக்களை ஒவ்வோர் எடையாகப் பிரிக்கும் கருவியைச் செய்து, குளோரினை அதில் விட்டார். குளோரினின் அணு எடை 35.5 என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. கருவியில் 35-ல் ஒரு கூட்டம் விழுந்தது, 37-ல் ஒரு கூட்டம் விழுந்தது. 35.5-ல் ஒன்றுகூட விழவில்லை. முக்கால்வாசி இது, கால்வாசி அது, 35.5 என்பது வெறும் சராசரி. அந்த எடையில் ஒரு குளோரின் அணு இந்தப் பிரபஞ்சத்தில் எங்கேயும் இல்லை. பெசன்டும் லெட்பீட்டரும் ஒற்றைக் குளோரின் அணுவைப் பிடித்து நிறுத்தி, உள்ளே எண்ணிய 'அணு'க்கள் 639. பதினெட்டால் வகுத்துப் பாருங்கள்.

1951 பதிப்பில் 667 அணுவோடு, எடை 37 வரும்படி, இரண்டாவது குளோரின் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் குளோரின் அப்படியே 35.5-ல் இருக்கிறது. அதை அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.